மறுவாழ்வு சிகிச்சைக் கருவிகளுக்கு நன்கொடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதம் வந்து ஒரு கை செயலிழந்தவர்கள், விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள், கால் எடுக்கப்பட்டவர்கள் மீண்டு வரும் இடம் மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவு. அங்கே கருவி வாங்கவோ ஆராய்ச்சிக்கோ பணம் தர நினைப்பவர்கள் இந்தத் துறையில் வேலை செய்யும் எங்களிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

மறுவாழ்வுத் தொழில்நுட்பம் என்றால் ரோபோக்கள்தானே?

ரோபோவும் உண்டு, ஆனால் பட்டியல் அங்கே தொடங்குவதில்லை. ஊன்றுகோல், சக்கர நாற்காலி, காலிப்பர் (பலவீனமான காலைத் தாங்கும் சட்டம்), செயற்கைக் கால், மடங்கிய விரல்களை நீட்டி வைக்கும் ஸ்பிளிண்ட் எல்லாம் இதில் சேர்த்திதான். உடல் எடையைப் பட்டைகளில் தாங்கிக்கொண்டு நடக்கவிடும் டிரெட்மில், சின்ன மின்தூண்டல் கொடுத்துத் தொங்கிய பாதத்தைத் தூக்க வைக்கும் கருவி, வீட்டில் செய்யும் பயிற்சியைக் கண்காணிக்கும் மொபைல் செயலி ஆகியவையும் இதற்குள் வரும்.

தேவை எவ்வளவு என்று கேட்டால், 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்குத் தருகிறது. இப்படிப்பட்ட உதவிக் கருவிகளில் ஒன்றாவது தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கும் மேல். அவர்களில் சுமார் 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. சில பணக்கார நாடுகளில் தேவைப்படுவோரில் 90 சதவீதம் பேருக்குக் கருவி கிடைக்கிறது, சில ஏழை நாடுகளில் 3 சதவீதம் பேருக்குத்தான். மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் இந்தக் கணக்கில் அடக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அரசாங்கம் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கம்பெனிகள் இருக்கின்றன. நன்கொடை எதற்கு?

ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று பாருங்கள். பலன் நிரூபணமான பிறகுதான் இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்கும். விற்கும் என்று தெரிந்த பிறகுதான் கம்பெனி முதலீடு போடும். அரசாங்க ஆராய்ச்சி நிதி பெரும்பாலும் முதற்கட்ட ஆதாரத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கே போகும். அந்த முதற்கட்ட ஆதாரத்தை உருவாக்கும் செலவுக்கு யாரும் பொறுப்பில்லை. நன்கொடை நுழையும் முதல் இடம் அது.

இரண்டாவது இடம், நோயாளி வீடு திரும்பிய பிறகு. அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் திட்டங்கள் பல, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தேவைப்படும் தெரபிக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் இத்தனை முறை என்று ஓர் எல்லை வைத்துவிடும். கை அசைய ஆரம்பிக்கும் நேரத்தில் அந்த எல்லை வந்துவிடுவது ரொம்ப சாதாரணம்.

நன்கொடைப் பணத்தில் ஒரு கருவி உண்மையிலேயே உருவாகியிருக்கிறதா?

உருவாகியிருக்கிறது. எனக்குப் பிடித்த உதாரணம் காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது காதின் உட்புற நத்தையெலும்புக்குள் வைக்கும் செவிக்கருவி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கிரேம் கிளார்க் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியபோது, மின்தூண்டலால் ஒருவருக்குப் பேச்சைப் புரியவைக்க முடியும் என்று நம்பிய நிபுணர்கள் கொஞ்சம் பேர்தான். ஆராய்ச்சி நிதி கிடைக்கவில்லை. 1970-களில் ஒரு தொலைக்காட்சி நிலையம் நடத்திய நன்கொடை நிகழ்ச்சியும், உண்டியல் குலுக்கிச் சேர்த்த பணமும்தான் அந்த வேலையை ஓட்டின.

அப்போது ஒரு பெரிய சிக்கல், சுருண்டு போகும் நத்தையெலும்புக்குள் மின்முனைக் கம்பியை எப்படி நுழைப்பது என்பது. 1977-இல் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போன கிளார்க், அங்கே கிடந்த ஒரு சுருள் சங்கை எடுத்து அதற்குள் புல் இதழ்களை நுழைத்துப் பார்த்தார். நுனி வளைந்து கொடுத்து, அடிப்பக்கம் போகப் போக விறைப்பாக இருந்த புல் ஆழமாக உள்ளே போனது. கம்பியையும் அப்படியே வடிவமைத்தார். 1978 ஆகஸ்டில் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. அதற்குப் பிறகுதான் அரசு நிதி வந்தது, அப்புறம் கம்பெனி வந்தது, இன்று உலகம் முழுக்கப் பொருத்துகிறார்கள். உண்டியலில் காசு போட்டவர்கள் கடைசிவரை நிதி கொடுக்கவில்லை. யாரும் நம்பாத அந்தச் சில வருடங்களைத் தாண்ட வைத்தார்கள், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

பழைய உதாரணம் வேண்டுமா? போலியோவால் கால்கள் செயலிழந்த அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1938-இல் தொடங்கிய அறக்கட்டளை. வானொலியில் வந்த வேண்டுகோளைக் கேட்ட மக்கள் பத்து சென்ட் நாணயங்களைக் கடிதத்தில் வைத்து வெள்ளை மாளிகைக்கே அனுப்பினார்கள். வந்து குவிந்தவை 26 லட்சத்துக்கும் மேல். சுவாசக் கூண்டுகள் (தானாக மூச்சுவிட முடியாதவர்களைப் படுக்க வைத்து மூச்சுவிட வைக்கும் பெட்டி), காலிப்பர்கள், பிசியோதெரபிஸ்டுகளின் படிப்பு என்று இந்த அறக்கட்டளை செலவு செய்தது. 1955-இல் அறிமுகமான சால்க் போலியோ தடுப்பூசிக்கும் பணம் இங்கிருந்துதான் போனது.

ஒரு கருவி வந்தால் நோயாளிக்கு என்ன மாறுகிறது?

பெரும்பாலும் எண்ணிக்கை மாறுகிறது. மூளையின் ஒரு பகுதி அடிபட்டால், மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான முறை அசைவு நடந்தது. ஆனால் பக்கவாத நோயாளிகளின் உண்மையான தெரபி அமர்வுகளைக் கவனித்து 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கையால் பொருள் எடுப்பது போன்ற பயிற்சிகள் ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 முறைதான் நடக்கின்றன என்று கண்டது.

ஏன் இவ்வளவு குறைவு என்பது பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். தெரபிஸ்ட் ஒரு கையால் நோயாளியின் முழங்கையைத் தாங்க வேண்டும், மறு கையால் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், தோள் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கோப்பை கீழே விழுந்தால் குனிந்து எடுக்க வேண்டும். நோயாளி களைத்துவிடுவார். அவருக்கு முன்னால் தெரபிஸ்டின் இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும். கையின் எடையைத் தாங்கும் ஒரு ஸ்பிரிங் தொட்டில் இருந்தாலே கதை மாறும். நோயாளி தானாக நகர்த்துவார், தெரபிஸ்ட் திருத்த மட்டும் செய்வார். நடைப் பயிற்சியிலும் இதே கதைதான். முன்பு இரண்டு மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியவரை, இடுப்புப் பட்டை கட்டிய டிரெட்மில்லில் ஒருவரே நடத்திவிடலாம்.

அப்படியென்றால் விலை கூடக் கூட பலனும் கூடுமா?

கூடாது. இதைச் சொன்னால் சில நன்கொடையாளர்கள் முகம் சுருங்கும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பிரிட்டனில் 770 பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. கைக்கு ரோபோ பயிற்சி பெற்றவர்களின் கை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுடையதைவிட நன்றாக வேலை செய்யவில்லை. ரோபோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரபிஸ்டுகள் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் அது பயிற்சி நேரத்தைக் கூட்டித் தரும். ஆனால் "நவீனமானது, அதனால் நல்லது" என்ற ஊகத்தில் பெரும் தொகையைக் கொட்டாதீர்கள்.

மறுபக்கம், நல்ல கையில் ஒரு உறையை மாட்டி, தினமும் சில மணி நேரம் பலவீனமான கையை மட்டும் பயன்படுத்த வைக்கும் ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. கையில் கொஞ்சமாவது அசைவு மிச்சமிருப்பவர்களுக்கு அது பலன் தருவதாக நல்ல ஆதாரம் உண்டு. கருவி என்று பார்த்தால் ஓர் உறைதான். செலவெல்லாம் பக்கத்தில் இருந்து பயிற்சி கொடுக்கும் ஆளுக்கு. அதற்கு நன்கொடை கேட்டால் கொடுப்பவர்கள் குறைவு, ஏனென்றால் திறப்பு விழாவில் காட்ட அதில் ஒன்றுமில்லை.

பணமாகக் கொடுப்பதா, கருவியாக வாங்கிக் கொடுப்பதா?

பணமாக. கருவியாகத்தான் கொடுப்பேன் என்றால், பயன்படுத்தப் போகிறவரிடம் முதலில் கேளுங்கள்.

வளரும் நாடுகளில் 1,12,000-க்கும் அதிகமான மருத்துவக் கருவிகளின் கணக்கை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011-இல் வந்தது. அவற்றில் சுமார் 38 சதவீதம் வேலை செய்யாமல் கிடந்தன. எல்லாம் பழுதான பழைய சாமான்கள் என்று நினைக்க வேண்டாம். பயிற்சி பெற்ற ஆள் இல்லை, பராமரிக்க ஏற்பாடு இல்லை, மின்சாரம் சரியில்லை என்று காரணங்கள் இருந்தன. 110 வோல்ட்டில் ஓடும் மெஷினை 230 வோல்ட் இருக்கும் நாட்டுக்கு அனுப்பிவிட்டு, டிரான்ஸ்பார்மர் அனுப்ப மறந்தால் என்ன ஆகும்?

நான் போயிருந்த ஒரு சிகிச்சை மையத்தில் நடைப்பயிற்சி மெஷின் ஒன்று துணி போர்த்தி நின்றது. மோட்டார் நன்றாக இருந்தது, திரை நன்றாக இருந்தது. நோயாளியைத் தாங்கும் பட்டையின் கொக்கி ஒன்று உடைந்திருந்தது, அந்த மாடலுக்கான கொக்கி உள்ளூரில் கிடைக்கவில்லை. நோயாளிகள் பக்கத்தில் இருந்த இணைகம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். நன்கொடையாளர் பெயர் மட்டும் மெஷின்மேல் பளபளவென்று இருந்தது.

அதனால் என் கணக்கு இது: ஒரு கருவிக்குப் பணம் ஒதுக்கும்போதே பொருத்தும் செலவு, இரண்டு பேருக்காவது பயிற்சி, ஸ்பேர் பார்ட்ஸ், சில வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாவற்றையும் சேர்த்து ஒதுக்குங்கள். அத்தனைக்கும் தொகை போதாதென்றால், அதைவிடச் சின்ன கருவியை வாங்குங்கள்.

வீட்டில் பழைய சக்கர நாற்காலி இருக்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் நேராக ஒருவரிடம் கொண்டுபோய்த் தள்ளிவிடாதீர்கள். சரிபார்த்து, அளவு பார்த்துக் கொடுக்கும் அமைப்பிடம் கொடுங்கள். தண்டுவடம் அடிபட்டவருக்குப் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. இருக்கை அகலமாக இருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும், மெத்தை தட்டிப்போய் எலும்பு அழுந்தினாலும் அவருக்கு வலிக்காது. வலிக்காததால் நகர மாட்டார். தோல் சிவந்து, புண்ணாகி, அது எலும்புவரை போய் மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டி வரும். நாற்காலி ஆளுக்குப் பொருந்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வழிகாட்டி நெறியே வெளியிட்டது. முன்சக்கரம் ஆடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்பதோடு மெத்தையையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்தால் போதும்தானே?

போதாது. கால் எடுத்த பிறகு முதல் சில மாதங்களில் எஞ்சிய பகுதியின் வீக்கம் வற்றி, அளவு சுருங்கிக்கொண்டே வரும். அன்று பொருந்திய சாக்கெட் (எஞ்சிய காலை நுழைக்கும் கிண்ணம் போன்ற பகுதி) இன்று லொடலொட என்று ஆடும். உரசிப் புண்ணாகும், பிறகு அந்தக் கால் மூலையில் சாத்தப்பட்டுவிடும். குழந்தைகள் என்றால் வளர வளர மாற்ற வேண்டும். பெரியவர்களுக்கும் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிது தேவைப்படும்.

1968-இல் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் இங்கே நினைவுக்கு வருகிறது. ரப்பரால் ஆன பாதம், செருப்பில்லாமல் நடக்கலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம். காப்புரிமை வாங்காமல் விட்டதால் யாரும் செய்யலாம். 1975-இல் தொடங்கிய ஒரு நன்கொடை அமைப்பு அதை இலவசமாகப் பொருத்த ஆரம்பித்த பிறகுதான் அது பெரிய அளவில் பரவியது. நல்ல வடிவமைப்பு ஏற்கெனவே இருந்தது. அதை ஆளுக்கு அளவெடுத்துச் செய்து மாட்டிவிடும் பட்டறையும் பணமும் பின்னால்தான் வந்து சேர்ந்தன.

முப்பரிமாண அச்சில் செய்யும் கைகள் பற்றிப் படித்தேன். அதற்குக் கொடுக்கலாமா?

தாராளமாக, எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. விபத்தில் விரல்களை இழந்த ஒரு தென்னாப்பிரிக்கத் தச்சரும் ஓர் அமெரிக்கக் கலைஞரும் சேர்ந்து செய்த வடிவமைப்பை இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். அதிலிருந்து 2013 வாக்கில் உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் அச்சிட்டுக் கொடுக்கும் இயக்கம் வளர்ந்தது. மணிக்கட்டை மடக்கினால் விரல்கள் மூடும். பிடியில் வலு குறைவு, கனமானதைத் தூக்காது. வளரும் குழந்தைக்கு அடிக்கடி புதிதாக அச்சிட்டுக் கொடுக்கலாம் என்பதுதான் பெரிய லாபம்.

தண்டுவடக் காயத்துக்கு ஆராய்ச்சி நன்கொடை கொடுத்து ஏதாவது நடந்திருக்கிறதா?

மெதுவாக, ஆனால் நடந்திருக்கிறது. நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் உள்ள அறக்கட்டளை நிதி கொடுத்த ஆராய்ச்சிகளில் ஒன்று 2011-இல் வெளியானது. வலியைக் குறைக்க ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த ஒரு மின்தூண்டல் கருவியைத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் பொருத்தி, நீண்ட பயிற்சியும் கொடுத்தார்கள். கால்கள் முற்றிலும் செயலிழந்திருந்த ஒருவர், தூண்டல் ஓடும்போது தன் எடையைத் தாங்கிச் சில நிமிடங்கள் நின்றார். அமெரிக்க அரசின் நிதியும் அதில் இருந்தது. 2018-இல் அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் தனித்தனிக் குழுக்கள், தூண்டலோடு தீவிரப் பயிற்சியும் சேர்ந்து சிலர் அடியெடுத்து வைத்ததைப் பதிவு செய்தன.

இது எல்லாருக்கும் கிடைக்கும் சிகிச்சை என்று யாராவது சொல்லி உங்களிடம் பணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

நிர்வாகச் செலவே இல்லாத அமைப்புக்குத்தான் கொடுப்பேன் என்றால்?

அப்படி ஓர் அமைப்பு கிடையாது. யாரோ ஒருவர் அந்தச் செலவை ஏற்றிருப்பார். தண்டுவட ஆராய்ச்சிக்காக 2014 முதல் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நடக்கும் விங்ஸ் ஃபார் லைஃப் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (எல்லைக்கோடு கிடையாது. பின்னால் ஒரு கார் துரத்தி வரும், அது உங்களைத் தாண்டினால் உங்கள் ஓட்டம் முடிந்தது.) நுழைவுக் கட்டணம் முழுவதும் ஆராய்ச்சிக்குப் போகிறது. எப்படி? நிர்வாகச் செலவை ரெட் புல் நிறுவனம் ஏற்கிறது. அப்படி ஒரு புரவலர் இல்லாத அமைப்பு, கணக்கர் சம்பளத்தையும் நோயாளியை ஆறு மாதம் கழித்துத் தேடிப்போய்ப் பார்க்கும் ஆளின் பஸ் கட்டணத்தையும் எங்கிருந்தாவது எடுக்கத்தான் வேண்டும்.

வரிச் சலுகை உண்டா?

நாட்டுக்கு நாடு விதி வேறு. பணம் அனுப்புவதற்கு முன் அமைப்பின் பதிவையும் ரசீது தருவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னால் பெரிய தொகை முடியாது. என்ன செய்யலாம்?

மாதாமாதம் கொடுங்கள், சின்னதாக இருந்தாலும். ஒரேயடியாக வரும் தொகையை வைத்து மெஷின் வாங்கலாம், ஒரு தெரபிஸ்டை வேலைக்கு வைக்க முடியாது. அடுத்த மாதமும் வரும் என்று தெரிந்த பணத்தை நம்பித்தான் ஆள் வைப்பார்கள். முடிந்தால் "எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யலாம்" என்று எழுதிக் கொடுங்கள். பேட்டரி, ஒட்டும் மின்முனைகள், பட்டை, சக்கர நாற்காலி டியூப் போன்றவை அந்தப் பணத்திலிருந்துதான் வாங்கப்படுகின்றன.

பணமே இல்லாமல் உதவ முடியுமா?

நீங்களோ உங்கள் வீட்டாரோ இதே பாதையைக் கடந்து வந்தவர்கள் என்றால், பரிசோதனையில் இருக்கும் கருவியைப் பயன்படுத்திப் பார்த்து வெளிப்படையாகக் குறை சொல்வதே பெரிய உதவி. 1991-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட மோட்டிவேஷன் என்ற சக்கர நாற்காலி அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் கான்ஸ்டன்டைனே சக்கர நாற்காலியில் இருப்பவர். கரடுமுரடான தரையில் முன்சக்கரம் சிக்கிக்கொண்டால் ஆள் முன்னால் குப்புற விழுவார் என்பது உட்கார்ந்து ஓட்டியவருக்குத்தான் சட்டென்று தெரியும்.

இன்னொன்று, நோயாளியின் அழுகையைப் படம் பிடித்து நிதி திரட்டும் அமைப்புகளைப் பகிர்ந்து ஊக்குவிக்காமல் இருப்பதும் உதவிதான்.

கருவி போய்ச் சேர்ந்த பிறகு நான் கேள்வி கேட்கலாமா? தவறாக நினைப்பார்களோ?

கேளுங்கள், நல்ல அமைப்புகள் சந்தோஷமாகப் பதில் சொல்லும். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்பதைவிட, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். பெரிய மெஷின் என்றால் பக்கத்தில் ஒரு பதிவேடு தொங்கும், யார் எத்தனை நிமிடம் பயிற்சி எடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். சில மாதமாக அதில் ஒரு பெயரும் இல்லையென்றால் கோபப்படாமல் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் பழகிய தெரபிஸ்ட் வேலையை விட்டுப் போயிருப்பார், அல்லது ஏதாவது ஒரு சின்ன பாகம் வராமல் இருக்கும். அந்தப் பாகத்தை வாங்கிக் கொடுக்க முடியுமா என்று அடுத்ததாகக் கேட்டுப் பாருங்கள்.